சொந்த விருப்பத்தின் பேரில்

நிஸ்வா, ஓமான்
22 ஜூன் 2025

அன்பு ஈசு,

கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். வேலூர் ஹாஸ்டலில் உன் பக்கத்துக் கட்டில் சைமா. உன் முகவரியை நம் ஹாஸ்டல் சகிலாவிடம் வாங்கினேன். நீ ஜமுனாமரத்தூர் பக்கம் கிராம நர்ஸாக இருப்பதும் அவள் சொல்லித்தான் தெரியும். நான் இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகள் ஷாஸியாவுக்குப் பதினாறு வயது, அவள் அப்பா ஹுசைஃபாவின் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது.

போன ரமலானில் என் அப்பா மவுத்தாகிவிட்டார். வாணியம்பாடி வீட்டில் அவருடைய பீரோவை ஒழித்தபோது அடித்தட்டில் நம் வரைபடம் கிடைத்தது. செகண்ட் இயரில் நீயும் நானும் சார்ட் பேப்பரில் வரைந்தோமே, அமிர்தியில் ஏறி, ஜமுனாமரத்தூர், காவலூர் வழியாக ஆலங்காயத்தில் இறங்கும் நாலு நாள் பாதை. பிடுங்கிக்கொண்டு போனவர் கிழித்துப் போட்டிருப்பார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நான்காக மடித்து வைத்திருக்கிறார்.

இங்கே எனக்கு நடைப் பைத்தியம் பிடித்திருக்கிறது. எல்லாம் மொட்டை மலை, நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. வெயில் தணிந்ததும் கூடாரத்தை முதுகில் கட்டிக்கொண்டு மூன்று நாள், நாலு நாள் என்று கிளம்பிவிடுவோம். எந்த மலையில் ஏறினாலும் ஜவ்வாது மலைதான் நினைப்பு. அக்டோபரில் எனக்கு லீவு. நம் பாதையில் போவோமா? இருபத்திரண்டு வருஷம் தள்ளிப் போட்டது போதும். உன் போன் நம்பரை எழுது.

உன்
சைமா


ஜமுனாமரத்தூர்
16 ஜூலை 2025

சைமாவுக்கு,

தபால்காரர் உன் கடிதத்தைக் கொண்டுவந்தபோது என் முன்னால் பதினொரு குழந்தைகள் ஊசிக்குப் பயந்து அழுதுகொண்டிருந்தன. சாயங்காலம்தான் பிரித்தேன். உன் அப்பா போனதைப் படித்து வருத்தமாக இருந்தது. மிரட்டல்காரர்தான், ஆனால் ஹாஸ்டலுக்கு வரும்போதெல்லாம் எனக்கும் சேர்த்துத்தான் பிரியாணி கொண்டுவருவார்.

போன் நம்பர் வேண்டாம். குவார்ட்டர்ஸில் சிக்னல் கிடையாது, பின்னாலிருக்கும் பாறைமேல் ஏறினால் கிடைக்கும். இருபத்திரண்டு வருஷக் கதையைப் பாறைமேல் நின்று கத்த முடியாது. கடிதமே எழுது.

நடைப் பைத்தியமாமே. புதன்கிழமை தோறும் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒன்பது கிலோமீட்டர் நடக்கிறேன். என்னை யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை, டியூட்டி என்கிறார்கள். இந்தப் பெட்டியோடு நம் வரைபடத்தில் முக்கால்வாசியை நடந்தே முடித்துவிட்டேன். காவலூருக்கு அப்பால் ஆலங்காயம் இறங்கும் பாதையில் மட்டும் கால் வைத்ததில்லை. பஸ்ஸில் போய்விடுவேன்.

லீவு கேட்டிருக்கிறேன், வருகிறேன். ஒன்று மட்டும் எழுது. தள்ளிப் போட்டது என்று எழுதியிருக்கிறாய். அந்த வருஷம் நாம் ஏன் போகவில்லை, ஞாபகம் இருக்கிறதா?

ஈஸ்வரி


நிஸ்வா
5 ஆகஸ்ட் 2025

அன்பு ஈசு,

நீ வருகிறேன் என்று எழுதியதை ஷாஸியாவிடம் நாலு தடவை படித்துக் காட்டினேன். "போதும் உம்மா" என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூடாரம் என்னிடம் இருக்கிறது, இருவர் படுக்கலாம், இரண்டு கிலோதான். சின்ன கேஸ் அடுப்பு, நெற்றியில் மாட்டும் விளக்கு, தண்ணீர் வடிகட்டி எல்லாம் இருக்கிறது. உனக்கு ஒரு பையும் ஷூவும் வாங்கி வருகிறேன், அளவு எழுது. ஒரு நாளைக்கு ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் பை பதினொரு கிலோ வரும். இன்றிலிருந்தே மாடிப்படி ஏறிப் பழகு.

ஏன் போகவில்லை என்று கேட்டாய். அந்த வருஷம் மழை அதிகம், இல்லையா? எனக்கு அப்படித்தான் ஞாபகம்.

சைமா


ஜமுனாமரத்தூர்
26 ஆகஸ்ட் 2025

சைமாவுக்கு,

மாடிப்படிக்கு நான் எங்கே போவேன்? எங்கள் சப்-சென்டருக்கு இரண்டே படி. நாலு லிட்டர் தண்ணீரை உன் மொட்டை மலைக்கே வைத்துக்கொள். புரட்டாசியில் இங்கே அரை நாள் நடைக்குள் ஒரு ஓடையாவது வரும், வடிகட்டியை மட்டும் எடுத்து வா. ஷூ வேண்டாம், என் செருப்பு எனக்குப் பழகிவிட்டது. தீனி எதையும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது, கரடி தேடி வரும். இரண்டு ராத்திரிக்குத் தெரிந்தவர்கள் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன், சாமைச் சோறு போடுவார்கள். கூடாரம் ஒரு ராத்திரிக்குத்தான்.

அக்டோபர் 9 வியாழக்கிழமை ஏறுவோம். ஐப்பசி பிறந்தால் மழை பிடித்துக்கொள்ளும்.

ஃபாரஸ்ட் ஆபீசில் அனுமதி கேட்டேன். "இன்னா நர்சம்மா, தெனம் நடக்குற காட்டுக்கு பர்மிஷன் கேக்குறீங்க?" என்று கார்டு துரைக்கண்ணு சிரித்தார். வெளியூர் ஆள் வருவதால் வேண்டுமாம். ஆளுக்கொரு உறுதிமொழி, அவரவர் கையால் எழுதித் தர வேண்டும். வாசகம் இதுதான்: "நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் போகிறேன். என்னை யாரும் தூண்டவோ வற்புறுத்தவோ இல்லை." என்னுடையதைக் கொடுத்துவிட்டேன். நீ எழுதி அனுப்பு.

மழையா? சரி.

ஈஸ்வரி


நிஸ்வா
14 செப்டம்பர் 2025

ஈசு,

உறுதிமொழியை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டே வரி. எழுத மூன்று நாள் ஆனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஹாஸ்டலுக்கு வந்தபோது வரைபடம் என் கட்டில்மேல் விரித்தபடி கிடந்தது. படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவிடுவேன் என்றார். பிரின்சிபால் அறையில் ஒரு தாளை நீட்டினார்கள். "ஈஸ்வரிதான் என்னைத் தூண்டினாள். வரைபடம் அவளுடையது. எனக்கு விருப்பமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யோசனையே என்னுடையது, ஈசு. முதல் கோட்டை வரைந்ததும் நான்தான்.

உன்னை ஹாஸ்டலை விட்டு அனுப்பினார்கள். மலையிலிருந்து தினமும் வந்துபோக முடியாமல் உன் படிப்பு நின்றது. உன் அப்பா உன் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டியதை மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். இறங்கி வரவில்லை.

அந்த வருஷம் மழையே இல்லை. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் அப்பா இருந்தவரை இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. என்னை மன்னித்துவிடு.

டிக்கெட் போட்டாயிற்று. ஏழாம் தேதி வாணியம்பாடிக்கு வந்துவிடுவேன்.

சைமா


ஜமுனாமரத்தூர்
3 அக்டோபர் 2025

அன்புள்ள சைமா,

இதை வாணியம்பாடி முகவரிக்குப் போடுகிறேன். நீ வரும்போது அங்கே இருக்கும்.

நீ எழுதிக் கொடுத்ததை அன்றைக்கே பிரின்சிபால் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் நம்பவில்லை. தாளைத் திருப்பிக் காட்டினார். உன் சாய்ந்த எழுத்து எனக்குத் தெரியாதா? தாவரவியல் ரெக்கார்டு நோட்டு முழுக்க எனக்குப் படம் வரைந்து கொடுத்த கை. இந்தக் கடிதங்களில் நீயே சொல்ல இடம் விட்டுத்தான் கேட்டேன். நீ மழை என்றாய்.

உன் கடிதத்தை என் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். எழுபத்து மூன்று வயதாகிறது அவருக்கு. "உங்க பொண்ணு ஒரு பொண்ணைக் கெடுக்கப் பாத்தா" என்று ஹாஸ்டலில் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தவர். கேட்டு முடித்ததும், "பாவம், பயந்திருக்கும் அந்தப் பொண்ணு. வூட்டுக்கு வந்தா சாப்பாடு போட்டு அனுப்பு" என்றார். மன்னிக்க அவரால் முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் மனசு வரவில்லை, சைமா. வந்துவிட்டது என்று பொய் எழுத மாட்டேன்.

லீவை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்மேல் இருக்கும் கோபத்தில் செய்ததாக நினைக்காதே, கோபமெல்லாம் பழசாகிவிட்டது. நாலு நாளும் உன் பின்னால் நடந்தால், ஜன்னலில் நின்றாயே, ஏன் இறங்கி வரவில்லை என்று கேட்டுக்கொண்டேதான் நடப்பேன். நீயும் பதில் சொல்லிக்கொண்டே நடப்பாய். அப்படி நடப்பதற்கா அந்தப் பாதையை வரைந்தோம்?

நீ தனியாகப் போகாதே. துரைக்கண்ணுவிடம் சொன்னால் துணைக்கு ஆள் அனுப்புவார். போவதாக இருந்தால் காவலூரோடு நிறுத்திக்கொண்டு பஸ் ஏறிவிடு. அதற்கு அப்பால் நான் இன்னும் நடக்கவில்லை.

நீ அனுப்பிய உறுதிமொழியை நான் ஆபீசில் கொடுக்கவில்லை. அது என்னிடமே இருக்கட்டும், அன்று பிரின்சிபாலிடம் எழுதிக் கொடுத்ததற்குப் பதிலாக எனக்கு அது வேண்டும். ஆபீசுக்கு இன்னொன்று எழுதி அனுப்பு. தேதி மட்டும் போடாதே. உன்னோடு நடக்க எனக்கு மனசு வரும் நாளில் அதை நான் போட்டுக்கொள்கிறேன்.

ஈசு