எடுத்த இடத்தில்

மார்ச் 3

நீண்ட ஆலோசனைக்குப் பின், கத்தரிக்கோலின் நிரந்தர வாசஸ்தலம் இன்று அறிவிக்கப்பட்டது: சமையலறைக் கதவின் பின்பக்க ஆணி. ஆலோசனையில் கலந்துகொண்டவர்கள் நானும் மனைவியும். பேசியவர் ஒருவர்.

"எடுத்தா எடுத்த இடத்துல வைக்கணும். நூலகத்துல வேலை பார்க்கறவருக்கு இதுகூடவா தெரியாது?"

நூலகத்தில் விதியே வேறு என்றேன். படித்த புத்தகத்தை வாசகர் அடுக்கில் செருகக் கூடாது. மேஜையில் விட்டுவிட வேண்டும். நாங்கள் அடுக்குவோம்.

"இந்த வீட்டுல அந்த 'நாங்கள்' யாருங்க?"

இதைக் கேட்டு முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினாள். ஆணி அடித்தேன்.

மார்ச் 9

மொட்டை மாடிச் செடிகளுக்கு இப்போது நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். அவளால் படியேற முடிவதில்லை. செடிகளுக்கு என்னைப் பிடிக்கவில்லை.

மார்ச் 11

இதய மருத்துவர் வயதில் சின்னவர், பொறுமையில் பெரியவர். "ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத் தசை கால்சியத்தை வெளியே எடுக்கும், சுருங்கும். உடனே அதைத் திரும்ப உள்ளே வைக்கணும். அப்பத்தான் தளரும். இவங்களுக்கு எடுக்குது, திருப்பி வைக்கறதுதான் மந்தம்."

"எடுத்த இடத்துல வைக்காத வியாதி எனக்கா?" என்றாள் மனைவி. என் பக்கம் கையைக் காட்டினாள். "ஆள் மாறி வந்துடுச்சு டாக்டர்."

என் பாஷையில்: மேஜையில் புத்தகம் குவிகிறது, அடுக்குபவர் ஓய்ந்துவிட்டார். புதிய சிகிச்சை ஒன்று இருக்கிறதாம். அடுக்குபவரை உண்டாக்கும் மரபணுவை, தீங்கு நீக்கிய வைரஸில் ஏற்றி இதயத்துக்கு அனுப்புவார்கள். ஒரே முறைதான். இன்னும் சோதனை நிலையில் இருக்கிறது.

"பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். இப்படியே விட்டா ரொம்ப நாள் தாங்காது. அது மட்டும் தெரியும்."

மார்ச் 12

அக்கா தொலைபேசியில்: "கால்சியம் கோளாறா? டேய், முதல்ல பாலை நிறுத்து." எதிர்வீட்டுக்காரர்: "பாலைக் கூட்டிக் குடுங்க." பாலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார் மருத்துவர். அதற்குள் பாலில்லாத காபியை மனைவி முன் வைத்திருந்தேன்.

"இதயம் நின்னா நின்னுட்டுப் போகுது. இதை எடுத்துட்டுப் போங்க."

மார்ச் 20

ரத்தம் எடுத்தார்கள். அந்த வைரஸை அவள் உடம்பு முன்பே எங்காவது சந்தித்து நினைவில் வைத்திருந்தால் சிகிச்சை கிடையாது. அடையாளம் கண்டு வாசலிலேயே அடித்துத் துரத்திவிடுமாம்.

எங்கள் கல்யாணப் பந்தியில் என் அக்கா சொன்ன ஒரு சொல்லை இன்றுவரை ஏற்ற இறக்கம் பிசகாமல் ஒப்பிப்பவள். அவள் ரத்தமா மறக்கும்?

மார்ச் 27

மறந்திருக்கிறது. அல்லது சந்தித்ததே இல்லை. அகராதிப் பிரிவில் நின்று அழுதேன். அங்கே யாரும் வருவதில்லை.

ஏப்ரல் 8

இன்று செலுத்தினார்கள். உள்ளே தள்ளிக்கொண்டு போகுமுன் கேட்டாள்:

"கத்தரிக்கோல் எங்க?"

"ஆணியில."

"பொய்."

"சத்தியமா."

சிரித்தாள். கதவு மூடிக்கொண்டது. அப்புறம் — என்னத்தை எழுத.

மே 2

மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. பொறுங்கள் என்கிறார் மருத்துவர். கூடத்திலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். இன்று வேண்டுமென்றே கத்தரிக்கோலைச் சாப்பாட்டு மேஜையில் விட்டேன். அதைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிட்டாள்.

ஏன் ஒண்ணும் சொல்லலை? திட்டேன்டி.

மே 3

மேஜையிலேயே இருக்கிறது.

ஜூன் 19

"ஆணி எதுக்கு அடிச்சீங்க? கதவுக்கு அழகா இருக்கும்னா? ஊர்ல உள்ள புத்தகத்துக்கெல்லாம் இடம் தெரியுது, ஒரு கத்தரிக்கோலுக்கு இடம் தெரியலை!"

ஒரே மூச்சில். எந்தச் சொற்பொழிவையும் நான் இவ்வளவு பக்தியோடு கேட்டதில்லை. முடித்தபின், மறுபடி சொல்லச் சொல்லலாமா என்று தோன்றியது. சொல்லவில்லை. உயிர் மேல் ஆசை.

ஆகஸ்ட் 14

கத்தரிக்கோலை ஆணியில் காணோம். நான் எடுக்கவில்லை. விசாரித்தேன். காலையில் மொட்டை மாடிக்குப் போய்ச் செடிகளின் காய்ந்த கிளைகளை நறுக்கியவள், அதைத் தண்ணீர்த் தொட்டி மேலேயே வைத்துவிட்டு இறங்கி வந்திருக்கிறாள்.

போய் எடுத்து வந்து ஆணியில் மாட்டினேன்.