புயல் அடித்த தீவிலிருந்து வந்த வெயில் கடிதம்

இலஞ்சி
28-5-1975

சிரஞ்சீவி நாறும்பூநாதனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இலஞ்சிக் குமரன் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், லண்டனில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். ஆமாம், லண்டன் என்றுதான் எழுதியிருக்கிறேன். இனிமேல் மொரீசியஸ் விலாசம் எனக்கு எதற்கு.

தை மாதக் கடைசியில், மொரீசியஸ் தீவைப் புயல் புரட்டிப் போட்டுவிட்டது, வீடுகளுக்குக் கூரை இல்லை, கரண்டு இல்லை என்று ரேடியோவில் சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சீசன் இல்லாத நாளிலும் அப்பா எண்ணெய்க் கிண்ணத்தோடு குற்றாலத்துக்குப் போவார், தேய்த்துக்கொள்ள உட்காருகிற பட்டணத்துக்காரர்கள் ஒவ்வொருவரிடமும், எங்க பய அங்கன வாத்தியாரா இருக்கான், ஏதும் தாக்கல் தெரியுமா என்று கேட்பார். கண்ணில் புரை விழுந்து ஆள் முகம்கூடத் தெரியாது அவருக்கு. நீ பிழைத்திருந்தால் மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டார். பதினெட்டாம் நாள் உன் கடிதம் வந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். பிரித்தால், இங்கே நல்ல வெயில், மாடியில் துணி போட்டால் அரை மணியில் காய்ந்துவிடுகிறது என்று இருக்கிறது. மேலே பிப்ரவரி பத்து என்று தேதி. புயலைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. ரேடியோக்காரன் என்னத்தையாவது சொல்லுதான், எம் பய நல்லாத்தான் இருக்கான் என்று சிரித்துக்கொண்டே அப்பா மறுநாள் முடியிறக்கிவிட்டு வந்தார்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை, புயல் அடித்ததா இல்லையா என்று கேட்டு எழுதினேன். பதில் உன்னிடமிருந்து வரவில்லை, உன் அறையில் கூட இருந்த அம்பாசமுத்திரத்துச் செல்லப்பா எழுதினான். நீ வாத்தியார் வேலையை விட்டு லண்டனுக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறதாம், ஹோட்டலில் தட்டு கழுவுகிறாயாம். போவதற்கு முன்னால் ஒரே மூச்சில் பதினெட்டுக் கடிதம் எழுதி, தேதியும் போட்டு, மாதம் ஒன்றாகத் தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாயாம். என் கடிதங்களை அவன்தான் உனக்கு அனுப்பிக்கொண்டிருந்தானாம். கூரை பறந்து பள்ளிக்கூடத்தில் ஒண்டிக் கிடந்த பிள்ளை, தபாலாபீஸ் திறந்ததும் யோசிக்காமல் அந்த மாதத்துக் கடிதத்தைப் போட்டிருக்கிறான். புயலைப் பற்றிக் கேட்டிருப்பேன் என்று இந்தத் தடவை அவனே பிரித்து, என் கேள்வியைப் படித்ததும் மனசு கேட்காமல் எல்லாவற்றையும் எழுதி, மீதி மூன்று கடிதத்தையும் உன் விலாசத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

உன்மேல்தான் கோபம். தட்டு கழுவுவது கேவலமா. ஊரார் உடம்பில் எண்ணெய் தேய்த்த கைதானே உன்னை பி.ஏ. படிக்க வைத்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி எப்படி என்று போன ஐப்பசியில் கேட்டிருந்தாய், இப்போது தேவலை என்று நானும் பெருமையாகப் பதில் எழுதினேன். நீ அதைக் கேட்டது ஒரு வருஷத்துக்கு முன்னாடி என்று எனக்கு எப்படித் தெரியும். பெற்றவளை இப்படி முட்டாளாக்கிவிட்டாயே என்று வயிறு எரிகிறது. நாங்கள் பயந்து செத்த அத்தனை நாளும் நீ அந்தத் தீவிலேயே இல்லை.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, வாய் வரவில்லை. பங்குனிக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று என்று மீதிக் கடிதங்களை அன்றைக்குத்தான் வந்ததுபோல நானே படித்துக் காட்டினேன். கடைசியை இன்று காலையில் படித்தேன். ஏட்டி, பய எழுத்து வரவரப் பாசமா இருக்கு என்கிறார். உன்னைச் சொல்லி என்ன, நானும் அதே வேலையைத்தான் செய்கிறேன். ஆனி மாதத்துக்கு என்னிடம் கடிதம் இல்லை.

குளிரில் ஈரக்கையோடு நிற்காதே, தேங்காயெண்ணெய் கிடைத்தால் தடவிக்கொள். எவ்வளவு கோபம் இருந்தாலும் நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு நீயே உண்மையை எழுது, ஒரு சொல் மாற்றாமல் படித்துக் காட்டுகிறேன். எழுதுகிற அன்றைக்கே தேதியைப் போடு.

உன் அம்மா,
உலகம்மை