அப்பாவின் கழுத்துக்குக் கேட்ட பூ

திருச்செங்கோடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கதிருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், அங்கே ராய்ப்பூரில் உன் கை மரத்துப்போவது கொஞ்சமாவது குறைந்திருக்க மலைமேல் இருக்கிறவர் துணை நிற்கட்டும். போனில் பேசினால் போர்வெல் ரிக் இரைச்சலில் பாதி கேட்பதில்லை, மீதியை நீ சரிம்மா சரிம்மா என்று தள்ளிவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். தீர்த்தகிரி நாளைக்கு லாரி எடுத்துக்கொண்டு அங்கே வருகிறான், அவனிடம் கொடுத்து விடுகிறேன்.

அன்றைக்குப் போனில் நீ, அப்பாவுக்கு வைத்த மாதிரியே என் கழுத்திலும் செயற்கை டிஸ்க் வைக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார், அம்மன் கோயிலில் பூ கேட்டுச் சொல், வெள்ளை வந்தால் செய்துகொள்கிறேன், அப்பாவுக்கும் வெள்ளை வந்துதானே பத்து வருஷமாக நன்றாக இருக்கிறார் என்றாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் சாமி, அப்பாவுக்குக் கேட்டபோது வந்தது வெள்ளை இல்லை. பூசாரி அங்கமுத்து அம்மன் காலடியில் வைத்த இரண்டு பொட்டலத்தில் நான் எடுத்ததைப் பிரித்தால் சிவப்பு அரளி. வேண்டாம் என்று அர்த்தம். ஆனால் உன் அப்பா அப்போது சட்டைப் பொத்தான் போட முடியாமல், டம்ளரை நழுவவிட்டுக்கொண்டு, வலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து வெள்ளை என்று சொல்லிவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்ததும் கைவலி போய்விட்டது, அது உனக்கே தெரியும். எனக்குத்தான் பயம் போகவில்லை. தினம் காலையில் அவர் சவரம் செய்யும்போது கழுத்து திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அவரோ வலியே இல்லையே என்று முதல் நாலு வருஷத்துக்குப் பிறகு டாக்டரிடம் போகவே இல்லை. நீ கேட்ட பிறகு போன வாரம் கோயமுத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். டிஸ்க்கைச் சுற்றி எலும்பு வளர்ந்து அதன் அசைவு பெரும்பாலும் நின்றுவிட்டதாம், அதற்குக் கீழே இருக்கும் சொந்த டிஸ்க்கும் தேய ஆரம்பித்திருக்கிறதாம். சிவப்பு பலித்துவிட்டது என்று நினைத்தேன். டாக்டர், காலப்போக்கில் சிலருக்கு இப்படி ஆவதுண்டு, கைவலி திரும்பவில்லை, பிடியும் பலமாக இருக்கிறது, கழற்ற வேண்டியதில்லை, ஆனால் இடையிடையே வந்து காட்டியிருக்க வேண்டும் என்று திட்டினார்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் தோளோடு சேர்ந்து திரும்பி, ஏம்புள்ள, பூ செவப்புன்னு அங்கமுத்து அன்னிக்குப் பொழுதோடயே எங்கிட்டச் சொல்லிப்போட்டான், அம்மனுக்கே பயப்படாம எனக்கோசரம் பொய் சொல்றயேன்னுதான் தெகிரியமா ஆபரேசனுக்குப் போயிப் படுத்தேன் என்றார். பள்ளிபாளையம் பாலம் தாண்டும்வரை அழுதேன், கண்டக்டர் அவரை முறைத்துப் பார்த்தான்.

அதனால் உனக்குப் பூ கேட்க மாட்டேன். சிவப்பு வந்தால் நான் மறைத்துவிடுவேன், வெள்ளை வந்தால் இனி நீ நம்ப மாட்டாய். அப்பாவின் பழைய எக்ஸ்ரே, புது எக்ஸ்ரே இரண்டையும் அனுப்பியிருக்கிறேன், மடிக்காமல் உன் டாக்டரிடம் காட்டு. பத்து வருஷம் கழித்து என் கழுத்து எப்படி இருக்கும், எனக்கு டிஸ்க் ஒத்துவருமா, டிஸ்க் வைக்காமல் எலும்பைச் சேர்த்துவிடுவது நல்லதா என்று வாய்விட்டுக் கேள். இன்னொரு டாக்டரையும் கேள். அதுவரை சுளுக்கு எடுக்கிறேன் என்று யார் வந்தாலும் கழுத்தைக் கொடுக்காதே, ரிக்கில் ராடு ஏற்றும்போது அண்ணாந்தே நிற்காதே.

நீண்ட ஆயுளோடு, நிமிர்ந்த கழுத்தோடு நீ நன்றாக இருக்க வேண்டும். எந்த முடிவானாலும் நாளைச் சொல், ரயில் ஏறி வந்துவிடுகிறேன். உன் கட்டில் பக்கத்திலேயே இருப்பேன். டாக்டர் என்ன சொன்னாலும் இந்தத் தடவை உன்னிடம் உள்ளதை உள்ளபடி சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ராசாத்தி