பொத்தான்கள் இடம் மாறிய பிறகு

அன்புள்ள சிட்டுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலமாகத்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், இல்லையென்றாலும் இருப்பதாகத்தான் சொல்லுவாய், உன்னைத் தெரியாதா. தினம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று திடுக்கிடாதே. உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கர்ல போடு, ஸ்பீக்கர்ல போடு என்று உயிரை வாங்குகிறார், அவர் காதில் விழக் கூடாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் வக்கீலம்மா சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து ஆபீசிலேயே இதை அடித்து மெயிலில் அனுப்புகிறேன். எழுத்தெல்லாம் சுவர் விளம்பரம் மாதிரி இருக்கிறதே என்று சிரிக்காதே, டைப் அடிக்கிற இந்தப் புதுப் புரோகிராமில் சின்னதாக்குகிற பொத்தானை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்களோ. எனக்குப் பயமாக இருக்கிறது சிட்டு. இந்த வேலை என் கையை விட்டுப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

நீ வெளிநாட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து உட்கார்ந்து, உனக்கு வேண்டாத பொத்தானெல்லாம் எதுக்கும்மா என்று தூக்கிக் கடாசிவிட்டு, வேண்டியதை மட்டும் ஒரே வரிசையில் இழுத்து வைத்துக் கொடுத்தாயே, அந்தப் பட்டை போய்விட்டது. இடது ஓரத்தில் சேமிப்பது, அடுத்து அச்செடுப்பது, அதற்கடுத்து ஒவ்வொரு திருத்தமாகத் தாவுவது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். போன வாரம் கம்ப்யூட்டர்காரர் வந்து புதுசைப் போட்டுவிட்டுப் போனார். மேலே ஏழெட்டுத் தலைப்பு, ஒன்றைத் தொட்டால் கீழே இருப்பது மொத்தமும் மாறிவிடுகிறது, பொத்தான் படங்களெல்லாம் நிறமே இல்லாமல் பென்சில் கோடு மாதிரி. சமையலறையில் யாரோ புகுந்து எல்லா டப்பாவையும் இடம் மாற்றி வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

மறுநாளே ஒரு தையல்கடைக்காரருக்கும் அவர் மனைவிக்கும் வாடகை ஒப்பந்தம் வந்தது. கட்டிடச் சொந்தக்காரரின் வக்கீல் தன் திருத்தங்களைச் சிவப்பில் போட்டு அனுப்பியிருந்தார். வக்கீலம்மா கோர்ட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில், அக்கா ஒண்ணொண்ணா பார்த்து வைங்க, வேணுமா வேணாமான்னு நான் வந்து சொல்றேன் என்றார். நான் பழைய நினைப்பில் மூன்றாவது பொத்தானை அழுத்தினேன். அந்த இடத்தில் இப்போது இருப்பது எல்லாத் திருத்தத்தையும் மொத்தமாக ஏற்றுக்கொள்வது. ஒரே அழுத்தில் அத்தனையும் ஒப்பந்தத்தோடு கலந்துவிட்டது, பக்கம் சுத்தமாக நின்றது. நான் என்ன செய்தேன் தெரியுமா, திருத்தம் எதுவும் இல்லை அம்மா என்று சொல்லி அச்செடுத்தும் கொடுத்தேன்! கையெழுத்துப் போட வந்த தையல்காரர் மனைவி பேனா மூடியைத் திறந்தாயிற்று. வக்கீலம்மா எதற்கும் இருக்கட்டும் என்று கடைசியாக ஒருமுறை வாய்விட்டுப் படித்தவர் பாதியில் நின்றுவிட்டார். சொந்தக்காரர் நினைத்தால் எந்த நேரமும் கடையைக் காலி செய்யச் சொல்லலாம் என்று இருந்தது. அந்தம்மா அப்பாவியாக, என்னங்க ஆச்சு என்று என் முகத்தைத்தான் பார்த்தாள்.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதுசு பழகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும், விடுங்கக்கா என்றார் வக்கீலம்மா. கம்ப்யூட்டர்காரரைத்தான் பிடித்துத் திட்டினார். அவர் பாவம் ஓடி வந்து, இதையும் நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்மா என்று சொல்லி உச்சியில் ஒரு சின்னப் பட்டையில் நீ வைத்த அதே வரிசையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அப்பாடா என்றிருந்தது. வேறொரு ஒப்பந்தத்தைத் திறந்து மூன்றாவதை அழுத்தினேன், பக்கம் சரியாகத் தாவியது. தாவி எங்கே போய் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை சிட்டு. பழைய புரோகிராமில் அந்த வார்த்தை முழுக்கக் கறுப்புப் பட்டை கட்டி நிற்கும், அதை வைத்து ஓட்டியிருக்கிறேன். இதில் லேசான சிவப்புக் கோடுதானாம். வலது கண்ணைப் பொத்தி இடது கண்ணால் மட்டும் பார்த்தேன், வரியின் நடுவில் நான்கைந்து வார்த்தை அப்படியே இல்லை. அன்றைக்கு அந்தத் தையல்கடை ஒப்பந்தத்தைத் திறந்ததுமே பக்கமெல்லாம் சிவப்பாகத்தானே இருந்திருக்கும், அதையே நான் பார்க்கவில்லையே. இத்தனை நாளாக நான் பொத்தானைப் பார்த்து அழுத்தவில்லை, கை பாட்டுக்கு அழுத்தியிருக்கிறது. இனிமேல் ஒரு தப்பு நடந்தால் புரோகிராம் தலையில் போட முடியாது, பட்டையைச் சரிசெய்து கொடுத்தாயிற்றே. அதுதான் என் பயம்.

வியாழக்கிழமை காலை கண் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை, தும்மல் வந்தாலே போர்த்திக்கொண்டு படுக்கிற மனுஷன், இதைத் தாங்கமாட்டார். டாக்டர் சொல்லுகிற வரைக்கும் எந்த ஒப்பந்தத்தையும் தொடமாட்டேன் என்று இன்றைக்கு வக்கீலம்மாவிடமும் சொல்லிவிடப் போகிறேன், என்ன நினைத்தாலும் சரி, இன்னொரு அம்மா என் முகத்தைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்க வேண்டாம். நீயும் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டு உட்காராதே, போய்க் கண்ணைக் காட்டு, சாக்குச் சொல்லாதே.

நீங்கள் இருவரும் மனசும் உடம்பும் நிறைந்து, ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் இருக்க வேண்டும். வியாழக்கிழமை மறக்காதே, உனக்கு அது எந்த நேரமாக இருந்தாலும் போன் பண்ணு. கண்ணைப் பற்றி எதுவும் கேட்காதே, உள்ளே கூப்பிடுகிற வரைக்கும் சும்மா ஏதாவது பேசிக்கொண்டிரு. இன்னொன்று, எழுத்தைச் சின்னதாக்குகிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று எனக்கு முதல் நாளே தெரியும். சின்னதாக்கினால் உனக்கு என்ன எழுதினேன் என்று எனக்கே படிக்க முடியவில்லை.

உன்
அம்மா