சுரண்டிய சினை

அன்பு அண்ணனுக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பதறாதே. இடது கையால் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ வெட்டுவேன், குத்துவேன் என்று கத்துவாய். எனக்கோ பேச்சே வராது. அம்மா நலம்.

என் வேலை உனக்குத் தெரியும். படகில் வரும் நண்டுகளை அளந்து, ஆணா பெண்ணா, சினை உண்டா என்று குறிப்பேன். அதை வைத்துத்தான் கடலில் எவ்வளவு மிச்சம், எவ்வளவு பிடிக்கலாம் என்று அலுவலகம் முடிவு செய்யும். நண்டோடு பேசக் கூச்சப்பட வேண்டாம், உனக்கேற்ற வேலை என்று கேலி செய்தாயே.

சினை நண்டு வலையில் வந்தால் திரும்பக் கடலில் விட வேண்டும் என்பது சட்டம். இது சினை பிடிக்கும் பருவம். கடலில் விட்டதாக ஒரு படகும் சொல்லவில்லை, வந்த பெண் நண்டு ஒன்றுக்கும் சினையும் இல்லை. எனக்கு அது உறுத்தியது. வியாழக்கிழமை மாமா படகில் வந்தவற்றைப் புரட்டி, வயிற்று மடலைத் திறந்து பார்த்தேன். உள்ளே சினை ஒட்டியிருக்கும் இழைகள் அறுந்து கிடந்தன. கம்பி பிரஷ் கீறிய தடம். ஓரங்களில் மிச்ச முட்டை ஒட்டியிருந்தது. கடலில் விடாமல் விற்பதற்காகச் சுரண்டியிருக்கிறார்கள். 'சினை சுரண்டப்பட்டது' என்று எழுதினேன்.

மாமா எட்டிப் பார்த்தார். "என்னடி எழுதுற? அழி" என்றார். முடியாது என்று தலையாட்டினேன். குறுக்கே வந்த எங்கள் அதிகாரியின் முழங்கையில் ஐஸ் உடைக்கும் கட்டையால் ஒரே போடு போட்டார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவரைப் படகுக்காரர்கள் சேர்ந்து மிதித்தார்கள்.

பிறகு மாமா என் மணிக்கட்டைப் பிடித்து, கொடுக்குக் கட்டாத நண்டுப் பெட்டிக்குள் திணித்தார். "படிச்ச கையில்ல? நல்லா உள்ள விட்டு எண்ணு" என்றார். "நண்டுகிட்ட ஸ்கேல குடுங்கடா, அது இவள அளக்கட்டும்" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் அலற அலற அவர் அழுத்திக்கொண்டே இருந்தார். கையை எடுத்தபோது ஆள்காட்டி விரலின் நுனி தோலில் தொங்கியது.

நம் வீட்டின் முதல் பட்டதாரி என்று துறைமுகம் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் அவர்தான், அண்ணா.

அம்மா, தன் தம்பி என்றும் பாராமல், மாமா வீட்டு வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றினாள். திரும்பி வந்து என்னிடம், "ஒரு வரிதானடி, அழிச்சிடேன். என் கூடப் பொறந்தவன்டி அவன்" என்று அழுதாள்.

அதிகாரி மருத்துவமனையில் இருக்கிறார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அறிக்கையை நான்தான் வாசிக்க வேண்டும். வாசித்தால் நண்டுப் பிடிப்பை ஒரு வருடம் நிறுத்துவார்கள். மாமா ஆள் அனுப்பியிருந்தார்: "இன்னும் ஒம்போது விரல் இருக்குன்னு சொல்லு."

இது உன் கைக்கு வரும்போது நான் வாசித்து முடித்திருப்பேன்.

சீக்கிரம் வா. வரும்போது கையில் எதையும் எடுத்து வராதே. என்ன கேள்விப்பட்டாலும் மாமா மேல் கை வைக்காதே. அம்மாவுக்கு மிச்சம் இருக்கப்போவது நீங்கள் இருவர்தான்.

உன் நலனையே வேண்டும்,
தங்கை