இருப்பது ஒரே பெல்ட்

என்னங்க,

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. சின்னப் பாத்திரத்தில் இருப்பது அத்தைக்கு, காரமில்லாதது.

நேற்று நீங்கள் சொன்னது இன்னும் மனசைக் குடைகிறது. “எரியற வீட்ல பிடுங்கினது லாபம்னு, எங்கம்மா விழுந்ததையும் காசாக்கப் பாக்கறியா?” பல்கலைக்கழகத்தில் நான் படிப்பதே மருத்துவத் துறையில் புதுத் தொழில் தொடங்குவது எப்படி என்றுதான். காசாக்கத்தான் சொல்லித்தருகிறார்கள், மறுக்கவில்லை.

ஆனால் யாராவது விழுந்தால் அலற வேண்டும் என்று நாங்கள் செய்த அந்த பெல்ட்டை, வகுப்பில் மெத்தையில் தொப்பென்று விழுந்துதான் சோதித்திருந்தோம். அதைக் கட்டியிருந்த அத்தை சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்தார். அது வாயே திறக்கவில்லை. பக்கத்து அறையில் ஹெட்போன் மாட்டியிருந்த உங்களுக்கும் கேட்கவில்லை. காலையில் அதைச் சரிசெய்து, நானே சுவரோரம் சரிந்து பார்த்துவிட்டேன். இப்போது அலறுகிறது, உங்கள் போனிலும்.

இன்று பல்கலைக்கழகப் போட்டியில் நடுவர்கள் முன்னால் அதைக் கட்டிக் காட்ட வேண்டும். இருப்பது ஒன்றுதான். அதை அத்தை இடுப்பில் கட்டிவிட்டு வெறுங்கையோடு போகிறேன்.

பி.கு.: அலறினால் எனக்கு போன் போடாமல் அத்தையிடம் ஓடுங்கள்.

இன்னொன்று: கழற்றச் சொல்லி அவர் அடம்பிடித்தால், “அவ வந்தா திட்டுவா”ன்னு சொல்லுங்க. எனக்குக் கெட்ட பெயர் ஒன்றும் புதிதில்லையே.