கார்ஸ்டனின் பங்கு

பிப்ரவரி 3, திங்கள்

விமானம் உறுதியாகிவிட்டது. மே 6, காலை, ஏரிக்கரை ஓடுபாதை. விமானி டோரீன் தொலைபேசியில், "ரெண்டு பேரு, இருபத்துநாலு நாள். கொண்டு போய் இறக்கி விடுறது என் பொறுப்பு, திரும்பக் கூட்டிட்டு வர்றது வானத்தோட பொறுப்பு" என்றாள். இருபது வருடமாக மலையேற வருகிறவர்கள் எல்லோரிடமும் இதையேதான் சொல்கிறாள்.

சாப்பாட்டு மேசை முழுக்க லாயிட் வரைபடத்தை விரித்து வைத்திருக்கிறான். சூப்புக் கிண்ணத்தை மடியில் வைத்துச் சாப்பிட்டேன். அறுபத்தொரு வயதில் இது எனக்குத் தேவையா? தேவைதான். நாற்காலி மலையின் கிழக்கு முகட்டில் இதுவரை யாரும் ஏறியதில்லை. நாங்கள் இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் ஒரே கயிற்றில் மூன்று பேராகப் போனோம், இரண்டு பேராகத் திரும்பினோம். கார்ஸ்டன் அந்த மலையின் பனியாற்றுக்குள் எங்கோ இருக்கிறான். அதற்குப் பிறகு இப்போதுதான் லாயிட் வாயிலிருந்து "போகலாம்" என்று வந்திருக்கிறது.

பள்ளிப் பேருந்தை மே மாதம் எனக்குப் பதிலாக யார் ஓட்டுவது என்று கேட்க வேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

உறைந்த அருவியில் பயிற்சி. மைனஸ் பதினெட்டு. ஏறுவதற்கு முன்னால் ஒருவர் இடுப்பு முடிச்சை மற்றவர் இரண்டு தடவை இழுத்துப் பார்த்து "சரி" சொல்ல வேண்டும். இந்த வழக்கம் எங்கள் கல்யாணத்தைவிடப் பழையது. லாயிட் என்னுடையதை இழுத்தான், "சரி" என்றான். நான் அவனுடையதை இழுத்தேன். கயிறு அப்படியே என் கையோடு வந்துவிட்டது. எட்டு வடிவ முடிச்சில் பாதிதான் போட்டிருக்கிறான்.

"யோவ் கிழவா, என்னை விதவையாக்கத்தான் இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தியா?"

"உன் வாய்க்குப் பயந்து எவனும் ரெண்டாவதா வரமாட்டான்னுதான் நானே உசுரோட இருக்கேன்" என்றான். ரெண்டு பேரும் சிரித்தோம். நாற்பது வருடம் மின்கம்பத்தில் ஏறி வேலை பார்த்தவன். தூங்கும்போதுகூட முடிச்சுப் போடுவான்.

பிப்ரவரி 10

சிரித்திருக்கக் கூடாது.

பிப்ரவரி 16, ஞாயிறு

டோரீன் இரவுச் சாப்பாட்டுக்கு வந்தாள். காட்டுமான் கறி, உருளைக்கிழங்கு. எடைக் கணக்கில் கறாராக நின்றாள். "ஆள் எடையையும் சேர்த்துச் சொல்லு வெர்னா, வெட்கப்படாதே" என்றாள். லாயிட் கூடாரத்துக்குள் கரடி மூக்கை நீட்டிய கதையைச் சொன்னான். நன்றாகச் சொல்வான், டோரீனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு நான் காப்பி கொண்டுவந்தேன். அவன் முதலிலிருந்து அதே கதையைத் தொடங்கினான். அதே இடத்தில் நிறுத்தி, அதே மாதிரி மூக்கை நீட்டிக் காட்டினான்.

டோரீன் சிரித்தாள். ஆனால் என்னைத்தான் பார்த்தாள். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இதை எழுதாமல் தூக்கம் வராது.

எரிபொருள் வாங்க வைட்ஹார்ஸ் நகரத்துக்குப் போயிருந்தேன். நாலு மணிக்குத் திரும்பினால் கூடம் முழுக்க உணவுப் பைகள். ஒரு நாளுக்கு ஒரு பை, இருபத்துநாலு பை, வரிசை பிசகாமல். மேலே அவனுடைய சதுரமான எழுத்தில் எண்கள். எனக்கு மனசு குளிர்ந்துபோய்விட்டது. சுணங்குகிறான் என்று பயந்துகொண்டிருந்தேன், பார், வேலையை முடித்தே விட்டான்!

ஒரு பையைத் தூக்கினேன். கனத்தது. திறந்து பார்த்தேன். பாலாடைக்கட்டி மூன்று துண்டு. ஓட்ஸ் மூன்று பொட்டலம். சாக்லேட் மூன்று. அடுத்த பையிலும் மூன்று மூன்றாக. எல்லாவற்றிலும்.

கார்ஸ்டனுக்கும் ஒரு பங்கு கட்டியிருக்கிறான் என்று புரிந்தது. அவன் கிடக்கும் இடத்துக்கல்லவா போகிறோம், ஒரு வாய் அவனுக்கும் வைக்கலாம் என்று நினைத்திருக்கிறான். பின்னால் போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். எடை கூடினால் கூடட்டும், டோரீனிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

லாயிட் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சொன்னான்: "அவன் பொட்டலத்துல பாதாம் போடல. அவனுக்குத்தான் ஆகாதே, மூஞ்சி வீங்கிடும்ல. சரி, அவன் எப்ப வர்றான்? போன் பண்ணினானா?"

"யாரு?"

"என்ன கேள்வி இது? கார்ஸ்டன்."

"இன்னும் பண்ணல" என்றேன். வேறு என்ன சொல்வது? "சாப்பிட வா" என்றேன்.

பிப்ரவரி 24

காலையில் பைகளைப் பார்த்துவிட்டு என்மேல் எரிந்து விழுந்தான். "மூணு பேருக்கு ஏண்டி கட்டி வச்சிருக்க? எடைன்னு ஒண்ணு இருக்கே, புத்தி எங்க போச்சு?" நான்தான் தப்பாகக் கட்டிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

டாக்டர் இளம்பெண். பொறுமைசாலி. லாயிட் அவளிடம் கேலி பேசிக்கொண்டே பாதிக் கேள்விகளைத் தாண்டிவிட்டான், மீதிக்கு என் முகத்தைப் பார்த்தான். மறதி நோய். ஆரம்ப நிலையைக் கடந்துவிட்டது. ஒரு வருடமாவது இருந்திருக்கும், நீங்கள் கவனிக்கவில்லையா என்று கேட்டாள். கவனித்தேன் தாயே. வயசு என்று நினைத்தேன். தூக்கமில்லை என்று நினைத்தேன். பார்க்க விரும்பவில்லை, அதுதான் உண்மை.

மே மாதப் பயணத்தைப் பற்றிச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "சமதரையில நடக்கட்டும், தினமும் நடக்கட்டும். கயிறு கட்டிட்டு மட்டும் வேண்டாம்."

வண்டியில் வரும்போது லாயிட், "மே மாசத்துக்குள்ள ஒண்ணும் ஆகிடாது வெர்னா" என்றான். அந்த ஒரு நிமிடம் அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சாலையிலிருந்து கண்ணை எடுத்தால் அழுதுவிடுவேன் என்று நேராகவே பார்த்து ஓட்டினேன். வீட்டுக்கு வந்ததும், "எங்க போயிட்டு வந்தோம்?" என்றான்.

மார்ச் 9, ஞாயிறு

கூட்டிக்கொண்டு போனால் என்ன?

பனியாற்றில் கயிற்றில் இரண்டே பேர். நான் பிளவுக்குள் விழுந்தால் அவன் பிடித்து நிறுத்த வேண்டும். பனியில் முளை அடிக்க வேண்டும், கயிற்றை அதற்கு மாற்ற வேண்டும், என்னை இழுக்க வேண்டும். நடுவில் எங்கோ, கயிற்றின் அந்த முனையில் யார் தொங்குகிறார்கள் என்பதே மறந்துபோகும். நான் போனால்கூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு அந்த வெள்ளைப் பரப்பில் அவன் தனியாக உட்கார்ந்திருப்பானே.

அப்புறம் இன்னொன்றும் நினைத்தேன். அவன் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டால்? கார்ஸ்டன் பக்கத்தில், எல்லாம் மறப்பதற்கு முன்னால்? அதைத்தானே அவனும் கேட்பான்?

இந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். இப்படி நினைத்தவளும் நான்தான்.

டோரீன் வந்தாள். "எஞ்சின்ல கோளாறு, ஏத்த முடியாதுன்னு நான் சொல்லிடுறேனே. பழி என் தலையில விழட்டும்" என்றாள். கூடாது என்றேன். கயிற்றில் இருக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் மூவருக்கும் ஒரு விதி உண்டு. கார்ஸ்டன் போட்டது. ஏறும்போதோ, ஏறுவதற்கு ஆறு மாதம் முன்னாலோ, ஒருவர் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் அத்தோடு சரி. மற்றவர்கள் ஏன் என்று கேட்கக் கூடாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வருடம் கழித்து, தரையில் உட்கார்ந்து, கையில் பீரோடு கேட்கலாம். கார்ஸ்டன் ஒரு தடவை சொல்லியிருக்கிறான், உச்சிக்கு இருநூறு அடி கீழே. லாயிட் இரண்டு தடவை. நான் ஒரு தடவையும் சொன்னதில்லை. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் உண்டு.

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மான்கறியை உலர்த்துவதற்காக மெல்லிசாக அரிந்துகொண்டிருந்தான். எதிரில் உட்கார்ந்து, "லாயிட், வேண்டாம்" என்றேன். எதைப் பற்றி என்று விளக்கவே தேவைப்படவில்லை. கத்தியைக் கீழே வைத்தான். கைகளைத் துடைத்தான். அவன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன், பார்க்க வேண்டியதுதான், எனக்கு நன்றாக வேண்டும்.

"சரி" என்றான்.

எழுந்து போய்ப் பைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தான். ஏன் என்று கேட்கவில்லை. வெர்னாவுக்கு முழங்கால் போய்விட்டது, பயம் வந்துவிட்டது என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும். கொஞ்ச நேரம் கழித்து, "டீ போடட்டுமா?" என்று கேட்டான். கேட்ட குரலில் அவ்வளவு பரிவு. கேளேன் கிழவா, ஒரு தடவை கத்தேன், என்னைத் திட்டேன் என்று இருந்தது எனக்கு.

மார்ச் 17

காலை ஆறு மணிக்குப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தான். விசில் வேறு. "எண்ணெய் எத்தனை லிட்டர் வாங்கினே?"

மறுபடி சொன்னேன். அதே முகம், அதே சுருக்கம், முதல் தடவை கேட்கிறவனின் வலி. "சரி" என்றான். பிரித்தான்.

மார்ச் 18

மறுபடி.

மார்ச் 29, சனி

பதிமூன்று தடவை ஆகிவிட்டது. தினமும் கட்டுகிறான், தினமும் அவன் ஆசையில் நான் மண்ணைப் போடுகிறேன். "நீ ஏன் இப்படி ரெண்டு பேரையும் வதைக்கிற? 'ஆமா, போறோம்'னு சொல்லிட்டுப் போயேன், என்ன குடி முழுகிடும்?" என்றாள் டோரீன்.

நேற்று முன்தினம் அப்படியே சொல்லிப் பார்த்தேன். எவ்வளவு சந்தோஷம்! என்னைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அடுக்களையில் ஆடினான். நான் பேருந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். திரும்பும்போது நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு ஆள், மைனஸ் இருபதில், வீட்டுச் செருப்போடு. "கார்ஸ்டன் இந்தப் பஸ்ஸுலதான் வருவான்" என்றான். உதடு நீலம் பாரித்திருந்தது. உள்ளே ஏழு குழந்தைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன் இருக்கையில் உட்காரவைத்து, என் கோட்டைக் கழற்றிப் போர்த்தி, பிள்ளைகளை ஒவ்வொரு வீடாக இறக்கிவிட்டு வந்தேன்.

இன்று மறுபடியும் வேண்டாம் என்றேன்.

பைகளை ஒளித்து வைக்கலாம். ஒளித்தால் வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடுகிறான். அதற்கு இது தேவலை.

ஏப்ரல் 13

நாக்கு அறுந்து விழுந்தால் தேவலை.

மே 6, செவ்வாய்

தெளிவான வானம், ஒரு மேகம் இல்லை. எங்கள் இடத்தை டோரீன் வேறு இரண்டு பேருக்குக் கொடுத்தாள், நான்தான் கொடுக்கச் சொன்னேன். வீட்டுக்கு மேலேதான் பறந்தாள், வேறு வழியில்லை. லாயிட் வாசலுக்கு ஓடினான். கையைப் புருவத்தில் வைத்து, மலைக்குப் பின்னால் மறையும்வரை பார்த்தான்.

"யாரோ போறாங்க பாரு. கொடுத்து வச்சவங்க."

ஆமாம் என்றேன். கொல்லைப்புறம் போய் விறகுக் கொட்டகைக்குள் நின்று வாய்விட்டு அழுதேன்.

ஆகஸ்ட் 21

லாயிட் இன்று பைகளைத் தொடவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயைத் தயாராக வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் காத்திருந்தேன்.

ஆகஸ்ட் 22

இன்றும் இல்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேனே.

மார்ச் 16, திங்கள்

இன்றோடு ஒரு வருடம். பேருந்து வேலையை விட்டாயிற்று. குளிர்காலத்திலிருந்தே லாயிட் என்னை வீட்டோடு இருக்கும் நர்ஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். மரியாதையாகத்தான் பேசுகிறான். முந்தாநாள், "உங்க வீட்டுல தேட மாட்டாங்களா?" என்று கேட்டான்.

விதிப்படி இன்று அவன் கேட்கலாம். சிரித்துக்கொள்ளட்டும் யாராவது, நான் ஒரு வருடமாக இந்த நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதிலும் தயார். முழங்கால் இல்லை, பயம் இல்லை, முதல் பையைத் திறந்த அந்த நிமிடம்தான் காரணம் என்று சொல்லிவிட வேண்டும். அவனுக்குப் புரியாவிட்டாலும் என் வாயால் ஒரு தடவை சொல்லிவிட வேண்டும்.

இரண்டு பீர் எடுத்துவந்து ஜன்னல் ஓரம் அவனருகில் உட்கார்ந்தேன். "லாயிட், நாற்காலி மலைக்குப் போக வேண்டாம்னு நான் சொன்னேன் இல்லையா? ஏன்னு இன்னைக்கு நீ கேக்கலாம்."

வெகுநேரம் யோசித்தான். நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே யோசித்தான். பிறகு பக்கத்தில் குனிந்து, நான் சங்கடப்படக் கூடாதே என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னான்:

"அதெல்லாம் கேக்கக் கூடாதுங்க. ஒருத்தர் வேண்டாம்னா அத்தோட சரி."

ஒரு பீரைத் திறந்து அவன் கையில் கொடுத்தேன். அவன் வாசலைப் பார்த்துவிட்டு, கார்ஸ்டன் வந்துவிட்டானா என்று கேட்டான். வருகிற நேரம்தான் என்றேன்.

மேசையில் மூன்று தட்டு வைத்தேன். மூன்றாவது தட்டில் பாதாம் வைக்கவில்லை.